மார்கழிக் குளிரில் நீலகிரி: எந்த விழாவுக்கு வருவது?

டிசம்பர் பிறந்ததும் கோயம்புத்தூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் சொந்தபந்தங்களின் போன் தொடங்கிவிடும். "அரையாண்டு லீவுக்கு வரலாமென்று இருக்கிறோம். அங்கே இப்போது என்ன விசேஷம்?" என்று கேட்பார்கள். மலர்க் கண்காட்சி இருக்குமா, கலைநிகழ்ச்சி மேடை போடுவார்களா என்று பதிலையும் அவர்களே எடுத்துக்கொடுப்பார்கள். அதெல்லாம் மே மாதத்துச் சமாச்சாரம். 1896-ல் தொடங்கிய மலர்க் கண்காட்சியும், அதையொட்டிப் பந்தல் போட்டு நடக்கும் நிகழ்ச்சிகளும் கோடைக்கு வருகிற கூட்டத்துக்காக வைத்தவை. குளிர்காலத்தில் ஊட்டியில் பார்க்க ஒன்றுமில்லை, ஏரியைச் சுற்றிவிட்டு வர்க்கி வாங்கிக்கொண்டு இறங்கவேண்டியதுதான் என்ற எண்ணம் இப்படித்தான் ஊரில் நிலைத்துவிட்டது.

உண்மை நேர்மாறானது. இந்த மலையின் பாட்டும் ஆட்டமும் வாத்தியமும் அசலாக வெளியே வருவது மார்கழியிலும் தையிலும்தான். ஆனால் அவற்றுக்கு டிக்கெட் கிடையாது, நாற்காலி கிடையாது, பெரும்பாலானவற்றுக்கு அச்சடித்த நிகழ்ச்சி நிரலும் கிடையாது. மே மாத மேடையில் ஆடுகிறவர்கள் நம்மைப் பார்த்து ஆடுவார்கள். மார்கழியில் கோயிலைப் பார்த்து ஆடுவார்கள். நாம் ஓரமாக நின்று பார்க்கலாம், சில இடங்களில் உள்ளே சேர்ந்துகொள்ளலாம், சில இடங்களில் போகாமலிருப்பதே மரியாதை. எதற்கு வருவது என்று முடிவெடுக்கிறவர்கள் "எது பிரமாதமாக இருக்கும்" என்பதைவிட "எங்கே நமக்கு இடம் இருக்கும்" என்று யோசிப்பது நல்லது. அந்தக் கணக்கில்தான் கீழே ஒவ்வொன்றையும் எடை போட்டிருக்கிறேன்.

மூன்று விஷயங்களை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்று தேதி: கிறிஸ்துமஸ் தவிர மற்ற எல்லாம் நிலவையும் ஊர்ப் பெரியவர்களின் முடிவையும் பொறுத்தவை. மூன்று மாதம் முன்பே அறை போட்டு வைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இரண்டாவது உடன் வருகிறவர்கள். பெண்கள் எல்லை தாண்ட முடியாத இடம் ஒன்று இந்தப் பட்டியலில் இருக்கிறது, குழந்தைகளுக்குச் சலிப்புத் தட்டும் இடமும் இருக்கிறது. மூன்றாவது குளிர். உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர். காதில் வாங்கும்போது சிறிய வித்தியாசம்தான். ஜனவரிக் காலையில் தலைகுந்தாவில் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போது கோத்தகிரியில் ஒரு ஸ்வெட்டரோடு வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கலாம். மூட்டுவலிக்கார மாமனாரை அழைத்து வருகிறவர்களுக்கு முடிவெடுக்க இது ஒன்றே போதும்.

ஹெத்தையம்மன் பண்டிகை

படகர் சமுதாயத்தின் குலத்தாய் ஹெத்தை. மார்கழிப் பௌர்ணமியை ஒட்டி வரும் அவருடைய பண்டிகைதான் நீலகிரியின் குளிர்காலத்தில் ஆகப்பெரிய நிகழ்வு. கோத்தகிரி பக்கத்தில் பேரகணி, குன்னூர் பக்கத்தில் ஜெகதளா என்று பல ஊர்களில் நடந்தாலும் மாவட்டமே திரும்பிப் பார்ப்பது பேரகணியைத்தான். அன்றைக்கு நீலகிரி முழுவதற்கும் உள்ளூர் விடுமுறை விடுவார்கள். தேதி தெரியவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு இதுவே வழி: மாவட்ட நிர்வாகத்தின் உள்ளூர் விடுமுறை அறிவிப்பு பத்திரிகையில் வந்த பிறகு பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ முன்பதிவு செய்யுங்கள்.

பண்டிகைக்கு முன்பே விரதமிருந்தவர்கள் கையில் கோலும் குடையுமாக ஊர் ஊராக நடந்து வருவார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து போகும் ஒற்றையடிப் பாதையில் வெள்ளை உடைகளின் வரிசை, அதற்கு மேலே வண்ணக் குடைகள். ரோட்டோரம் நின்று இதைப் பார்த்தவர்கள் ஊர்வலம் கோயிலுக்குப் போய்ச் சேரும்வரை காரை எடுக்க மாட்டார்கள். ஆண்கள் வெள்ளைத் தலைப்பாகையும் மேலே போர்த்திய துணியுமாக வருவார்கள். மூத்த பெண்கள் மார்புக்கு மேலே கட்டிய வெள்ளை முண்டு, தலையில் இறுக்கிக் கட்டிய வெள்ளைத் துணி. நெற்றியில் பச்சை குத்திய பாட்டிகள் இன்று அருகிப்போனார்கள். இன்னும் சிலரைப் பார்க்க முடிகிறதென்றால் இந்தக் கூட்டத்தில்தான்.

பிறகு ஆட்டம். படகர் ஆட்டத்தைக் கல்யாண மண்டபத்திலோ கல்லூரி விழாவிலோ பார்த்தவர்கள் அது சுலபமென்று நினைப்பார்கள். நிதானமாகத் தொடங்கும், உண்மைதான். இரண்டடி முன்னே, ஒரு சாய்வு, கை மேலே போய் இறங்க வேண்டும், ஒரு திரும்பல். வட்டத்தில் பத்துப் பேர் இருக்கும்வரை சாதாரணமாக இருக்கும். வட்டம் பெருகிப் பெருகி மைதானத்தையே அடைத்தபின், அத்தனை பேரும் ஒரே நொடியில் திரும்பும்போதுதான் விஷயம் புரியும். பாட்டு வேகமெடுக்க எடுக்க, அறுபது வயதுக்காரர்கள் மூச்சு வாங்காமல் ஆடுவார்கள், பெங்களூரிலிருந்து வேலைக்கு லீவு போட்டு வந்த பேரப்பிள்ளைகள்தான் தடுமாறுவார்கள். முன்பு இந்த ஆட்டத்துக்கு இதே மலையின் பழங்குடிகளான கோத்தர்கள் வந்து வாத்தியம் வாசித்தார்கள். இப்போது பெரும்பாலும் பதிவு செய்த பாட்டும் ஸ்பீக்கரும்தான். எனக்கு இதில் வருத்தமுண்டு, ஆடுகிறவர்களுக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

வெளியாருக்கு இங்கே இடமுண்டா? உண்டு, தாராளமாக. தெரிந்த படகர் வீடு ஒன்று இருந்தால் போதும், நீங்கள் அந்த ஊர் முழுவதற்கும் விருந்தாளி. அப்படி யாரும் இல்லாவிட்டாலும் தரிசனத்துக்கு வரிசையில் நிற்கலாம், அன்னதானத்தில் உட்காரலாம். வெள்ளை உடுத்தி வந்தால் நல்லது, கோயிலுக்குள் கேமரா எடுக்கக் கூடாது, செருப்பைத் தூரத்திலேயே விட்டுவிட வேண்டும். குழந்தைகள் ஓடியாட இடமிருக்கிறது. குறை என்று சொன்னால் கூட்டம்தான். பேரகணிக்குப் போகும் சாலை அகலமானது கிடையாது. கார் எடுத்துப் போனவர்கள் பாதி நாளைச் சாலையிலேயே கழிக்க நேரும், ஆகவே கோத்தகிரியில் காரை விட்டுவிட்டுப் பஸ் ஏறுவது புத்திசாலித்தனம்.

போனதோடு கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் ஜான் சல்லிவன் கட்டிய பங்களாவையும் பார்த்துவிடலாம். மலையில் முதன்முதலாகக் குடியேறிய வெள்ளைக்காரரான அந்தக் கோயம்புத்தூர் கலெக்டரின் வீடு பழுதுபார்க்கப்பட்டு, பழைய படங்களோடு சின்ன நினைவகமாக இருக்கிறது. அரை மணி நேரம் போதும்.

மொற்பர்த்: முத்தநாடு மந்தில் தோடர்கள்

இந்த மலையின் இன்னொரு பழங்குடியான தோடர்களின் மொற்பர்த் பண்டிகை டிசம்பர் கடைசியிலோ ஜனவரியிலோ, பெரும்பாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வரும். இடம் ஊட்டிக்குப் பக்கத்தில் தலைகுந்தா அருகே உள்ள முத்தநாடு மந்து. மந்து என்றால் தோடர் குடியிருப்பு. மலையெங்கும் சிதறியிருக்கும் மந்துகளிலிருந்து ஆண்கள் எல்லாரும் அன்றைக்கு இங்கே கூடுவார்கள். 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் மொத்தமே சுமார் 2,000 பேர்தான் என்பதை நினைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தைப் பாருங்கள்.

மூன்போ என்னும் கூம்பு வடிவக் கோயில் புல்வெளி நடுவே தனியாக நிற்கும். தோடர் வீடுகளும் மற்றக் கோயில்களும் அரைவட்டக் கூரையோடு குந்தியிருப்பவை. இது மட்டும் நெட்டுக்குத்தாக உயர்ந்து கூர்மையாக முடியும். சுற்றி வட்டமாகக் கல்சுவர். ஆண்கள் பூத்துக்குளி என்னும் சால்வையைப் போர்த்தி வந்து மண்டியிட்டு வணங்குவார்கள், காணிக்கை செலுத்துவார்கள். அப்புறம் தோளோடு தோள் சேர்த்து வட்டமாக நின்று ஆட்டம். வாத்தியம் எதுவும் இல்லை. ஒருவர் குரலெடுக்க மற்றவர்கள் வாங்கிச் சொல்வார்கள், காலடிதான் தாளம். தோடர் பாட்டின் அழகே அது முன்கூட்டி எழுதி வைத்ததாக இல்லாமல் அந்த இடத்தைப் பார்த்து, அந்த நாளைப் பார்த்துக் கட்டப்படுவதுதான். ஒரு சொற்றொடரைப் பாடினால் அதற்கு இணையான இன்னொன்றையும் பாட வேண்டும், வரிகள் ஜோடியாகத்தான் நடக்கும். 1930-களில் இங்கே தங்கித் தோடர் மொழியைப் பதிவு செய்த மொழியியலாளர் எமனோ இந்தப் பாட்டுகளைத்தான் விடாமல் சேகரித்தார். நமக்குச் சொல் புரியாது, ஆனால் அந்த ஜோடி நடை காதுக்குப் பிடிபட்டுவிடும்.

ஆட்டம் முடிந்ததும் இளவட்டக்கல். உருண்டையான கனத்த கல்லை இளைஞர்கள் ஒவ்வொருவராக முயன்று தோளுக்கு ஏற்றுவார்கள். பாதியில் நழுவினால் சிரிப்பு, ஏற்றிவிட்டால் ஆரவாரம். பத்திரிகைகளில் வரும் புகைப்படம் எப்போதும் இதுதான், அதனால் மொற்பர்த் என்றாலே கல் தூக்கும் போட்டி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தப் பூத்துக்குளியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூ வேலை. துணியின் இழைகளை எண்ணி எண்ணித்தான் ஊசி இறங்கும். வரைந்து வைத்த மாதிரி கிடையாது, சட்டகம் கிடையாது. துணியின் பின்பக்கத்திலிருந்தே தைத்துக்கொண்டு போவார்கள். கைபட்டால் நெய்ததா தைத்ததா என்று குழம்பும் அளவுக்கு மேடு தட்டும். 2013-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த வேலை முழுவதும் பெண்களுடையது. ஆனால் மொற்பர்த் நாளில் கோயில் பக்கம் பெண்கள் வருவதில்லை.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. தோடர் பெண்களே போகாத எல்லைக்குள் விருந்தாளிப் பெண்களும் போக முடியாது, தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். குடும்பமாக வந்து, அப்பாவும் பையனும் கிட்டே நின்று பார்க்க, அம்மாவும் பெண்ணும் உறைபனி ஈரத்தில் தொலைவில் நிற்பதென்றால் அந்தப் பயணம் எப்படி முடியும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். என் அக்கா இதைக் கேட்டவுடனே, "நாங்கள் தைத்த சால்வையைப் போர்த்திக்கொண்டு போவார்கள், நாங்கள் மட்டும் வரக்கூடாதாக்கும்" என்று தோடர் பெண்களின் சார்பில் சண்டைக்கு வந்துவிட்டாள். சண்டைக்கு நான் ஆளில்லை. நம்மூர் ஐதிகங்களுக்கும் இதே நியாயம் பேசலாம் என்று மட்டும் சொன்னேன். இரண்டு மூன்று நண்பர்கள் அதிகாலையில் எழுந்து பைக்கிலோ பஸ்ஸிலோ போய் வருவதற்கு இது ஏற்ற விழா. போவதற்கு முன் மந்தில் தெரிந்தவர் மூலம் கேட்டுக்கொண்டு போவது முறை, படம் எடுப்பதற்கும் அனுமதி கேட்க வேண்டும்.

தோடர் வீட்டின் வடிவத்தை மட்டும் பார்த்தால் போதும் என்கிறவர்கள் தாவரவியல் பூங்காவின் மேற்பகுதியில் இருக்கும் மந்து வரை நடந்தால் போதும். அதற்கு எந்த மாதமும் சரிதான்.

கோத்தர்களின் கம்பட்ராயர் விழா

வாத்திய இசை கேட்கத்தான் வருகிறேன் என்கிறவருக்கு இந்த மலையில் கோத்தர்களுக்கு நிகர் யாருமில்லை. திருச்சிக்கடி, கொல்லிமலை, சோலூர் கோக்கால், குந்தா கோத்தகிரி, புதுக்கோத்தகிரி, கீழ்க்கோத்தகிரி, கூடலூர் கோக்கால் என்று ஏழு ஊர்கள். இரும்படித்தவர்கள், மரவேலை செய்தவர்கள், மண்பாண்டம் வனைந்தவர்கள் இவர்கள். பானை வனைவது இங்கே பெண்களின் தொழில். ஒரு காலத்தில் படகர் வீட்டுச் சாவுக்கும் தோடர் சாவுக்கும் வாசிக்க இவர்களைத்தான் அழைத்தார்கள். அந்த உறவு சென்ற நூற்றாண்டில் அறுந்துவிட்டது. இசை மட்டும் அவர்களுடைய சொந்தக் கோயில்களில் தங்கிவிட்டது.

டிசம்பர் ஜனவரியில் அமாவாசை கழிந்து தொடங்கும் அய்யனோர் அம்மனோர் விழாதான் அவர்களுக்கு ஆண்டின் மையம். வெளியில் கம்பட்ராயர் திருவிழா என்று சொல்வார்கள். பத்து நாளைத் தாண்டியும் நீளும். கொல் என்னும் குழல் நாதஸ்வரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதுவது. வாசிக்கிறவர் கன்னத்தில் காற்றைத் தேக்கிக்கொண்டு மூக்கால் மூச்சிழுப்பார், நாதம் அறுபடாது. கூடவே வளைந்த கொம்பு, தம்பட்டை, முழவு. ஒரு குழல் ஒரு மெட்டை எடுத்துச் சுற்றிச் சுற்றி வர, தோல் வாத்தியம் அதைத் தாண்டியும் பின்தங்கியும் போகும். கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு முதலில் தாளம் எங்கே விழுகிறது என்றே பிடிபடாது. ஆடுகிறவர்களின் காலைப் பாருங்கள், அப்போது தெரியும். ஆண்கள் நீண்ட அங்கி போன்ற உடையில் ஆடுவார்கள். பெண்களுக்குத் தனி ஆட்டமுண்டு.

இவ்வளவு சொல்லிவிட்டு, "அப்படியானால் இதற்கே வருகிறோம்" என்றால் தடுத்துத்தான் ஆக வேண்டும். இது ஊர் முழுதும் நியமத்தோடு இருக்கும் நாட்கள். அழைப்பில்லாமல் வண்டியில் போய் இறங்குவது சரியல்ல. கோத்தர் நண்பர் யாராவது, "இன்ன நாளில் வாருங்கள்" என்று சொன்னால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போங்கள். சொல்லாவிட்டால் அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பட்டியலில் நான் மிகவும் மதிக்கும் விழா இதுதான். இருந்தாலும் முதன்முறை வருகிறவருக்கு இதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

கிறிஸ்துமஸ்

தேதி மாறாது, அழைப்பு வேண்டாம், ஆண் பெண் பேதமில்லை, உட்கார பெஞ்சு இருக்கிறது. லீவு கிடைப்பதே டிசம்பர் கடைசி வாரத்தில் மட்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம்.

உதகை புனித ஸ்தேவான் ஆலயத்துக்கு 1829-ல் அடிக்கல் நாட்டினார்கள், 1830-ல் பிரதிஷ்டை ஆயிற்று. அதன் பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்து மலைமேல் கொண்டுவரப்பட்டவை. ஆராதனை நடக்கும்போது தலைக்கு மேலே பார்த்தால் அந்த மரங்கள் தெரியும். வெளியே கல்லறைத் தோட்டத்தில் மலைக்கு வந்து திரும்பாத வெள்ளைக்காரர்கள் சரிவு நெடுகப் படுத்திருக்கிறார்கள். வெயில் ஏறிய பிறகு அந்தப் பக்கம் ஒரு நடை போகலாம்.

ஆனால் எனக்குக் கிறிஸ்துமஸ் என்றால் ஆலயத்தைவிடக் கீத பவனிதான். டிசம்பரில் பல இரவுகளில், மப்ளரும் குல்லாவும் மாட்டிய கூட்டமொன்று கிதாரும் டோலக்குமாக வீடு வீடாக ஏறி இறங்கும். தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகள் வரை போவார்கள். மலையில் உள்ள தமிழ்ச் சபைகளில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடிக் கேட்டுவிட்டு, அடுத்த வீட்டு வாசலிலேயே கைதட்டிப் பாடும் துள்ளல் மெட்டு ஒன்றைக் கேட்கலாம். பாடுகிறவர்களுக்குச் சுக்குக் காப்பியோ கேக்கோ கொடுத்து அனுப்புவது வழக்கம். நீங்கள் தங்கும் வீட்டுக்காரர் கிறிஸ்தவராக இருந்தால் என்றைக்கு வருவார்கள் என்று கேட்டு வையுங்கள். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையும் உண்டு. ஆனால் அன்றிரவு ஊட்டியில் மற்றக் கூட்டம் தாங்காது. கார் நிறுத்த இடம் தேடுவதற்குள் புத்தாண்டு பிறந்துவிடும்.

விழா எதுவும் அகப்படாவிட்டால்

தேதி இடித்துவிட்டது, வந்தும் சேர்ந்துவிட்டீர்கள் என்றால், முத்தோரை பாலாடாவில் பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. ஊட்டியிலிருந்து சுமார் 10 கிலோமீட்டர். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய ஆறு பழங்குடிகளின் புழங்குபொருட்களை ஒரே இடத்தில் பார்க்கலாம். கோத்தர் வாத்தியங்களை நிதானமாக, யாரையும் தொந்தரவு செய்யாமல் பார்ப்பதற்கு இதுவே வழி. அரசு விடுமுறை நாளில் பூட்டியிருக்கக்கூடும், கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். நகருக்குள் நீலகிரி நூலகம், 1859-ல் தொடங்கியது. கட்டடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸை வடிவமைத்த சிஷோமின் கைவேலை. வாசிக்கிறவர்களுக்குச் சொர்க்கம், பிள்ளைகளுக்குச் சிறை.

மார்கழிக் கச்சேரி மலையில் உண்டா என்று கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அதற்குச் சென்னைக்கு ரயில் ஏறுங்கள். இங்கே விடியற்காலைத் திருப்பாவை உண்டு, சுடச்சுட வெண்பொங்கல் உண்டு. சபாவும் கேன்டீனும் கிடையாது.

பழனி மலைப் பக்கம் போனால் என்ன?

மதுரை, திண்டுக்கல் பக்கத்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. லீவு தை மாதத்தில் விழுந்தால், நீலகிரியைவிடப் பழனி மலைக்கே என் ஓட்டு. தைப்பூசத்துக்குப் பழனி அடிவாரத்தில் பத்து நாள் திருவிழா. பெரியநாயகி அம்மன் கோயிலில் கொடியேறிப் பூசத்தன்று தேர் ஓடும். கூட்டத்தைக் கண்டு பயப்படாதவர்களுக்குக் காவடியாட்டத்தின் எல்லா ரகங்களும் ஒரே வீதியில் கிடைக்கும். பயப்படுகிறவர்கள் பூசம் முடிந்து சில நாட்கள் பொறுத்துப் போகலாம். எடப்பாடி பக்தர்கள் காவடிகளோடு வந்து, டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து, மலைக்கோயிலிலேயே இரவு தங்குவார்கள். வேறு யாருக்கும் இல்லாத உரிமை அது.

மலைமேல் கொடைக்கானலைத் தாண்டி பூம்பாறை இருக்கிறது. வெள்ளைப்பூண்டுக்குப் பேர்போன ஊர். அருணகிரிநாதர் பாடிய குழந்தை வேலப்பர் கோயிலில் தைப்பூசத்தை அடுத்துத் தேரோட்டம் நடக்கும். தெரு சரிவானது, ஆகவே தேருக்கு முன்னும் பின்னும் வடம் கட்டிப் பிடித்திருப்பார்கள். முன்னால் நிற்பவர்கள் இழுக்க, பின்னால் நிற்பவர்கள் தேர் ஓடிவிடாமல் நிறுத்திப் பிடிப்பார்கள். படிக்கட்டு படிக்கட்டாக இறங்கும் பூண்டு வயல்களைப் பின்னால் வைத்துக்கொண்டு இந்த இழுபறியைப் பார்ப்பது கொடைக்கானல் ஏரியை எத்தனை முறை சுற்றினாலும் கிடைக்காத காட்சி. பெண்கள், குழந்தைகள் யாருக்கும் தடையில்லை. நீலகிரி விழாக்களைவிட இது நமக்குப் பழகிய வகை என்பதுதான் நிறையும் குறையும்: எப்படி நடந்துகொள்வதென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் புதிதாக ஒரு வாத்தியத்தையோ மொழியையோ கேட்டுத் திரும்புகிற அனுபவமும் இல்லை.

அப்படியானால் எது?

குடும்பமாக, முதல்முறையாக, மார்கழியில் என்றால் பேரகணி. தயங்காமல் சொல்வேன். குளிர் தாங்கும், பெண்கள் முன்வரிசையில் நிற்கலாம், ஆட்டத்தில் சேர்ந்துகொண்டாலும் யாரும் முறைக்க மாட்டார்கள். விடுமுறைத் தேதி கையைக் கட்டிப்போட்டிருந்தால் கிறிஸ்துமஸ் வாரம், கூடவே ஒரு நாள் முத்தோரை பாலாடா. நாலைந்து நண்பர்கள், பனியில் நிற்கத் தெம்பிருக்கிறது என்றால் முத்தநாடு மந்து. தை பிறந்துவிட்டால் பூம்பாறை. கோத்தர் விழாவைப் பொறுத்தவரை அழைப்பு வந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி.

சொந்த வாகனத்தில் வருகிறவர்கள் இ-பாஸ் எடுக்க மறக்க வேண்டாம். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் அது கட்டாயமாயிற்று, அரசு பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லையில்லை. மலை ரயிலில்தான் வருவேன் என்று பிள்ளைகள் அடம்பிடித்தால், டிசம்பருக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு என்று இப்போதே சொல்லி வையுங்கள். குன்னூருக்கும் ஊட்டிக்கும் இடையே ஏறினால் ஓரளவு வாய்ப்புண்டு. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், எவர்சில்வர் பாட்டில் கொண்டு வாருங்கள்.

பேரகணிக்குப் போகிற அன்று மதியச் சாப்பாட்டுக்கு எங்கும் சொல்லி வைக்க வேண்டாம். தெரிந்த வீட்டுக்குப் போனால் உதக்க என்னும் அவரைக் குழம்பும் களியும் போடாமல் விடமாட்டார்கள், தெரியாத வீடானாலும் கோயிலில் பந்தி நடந்துகொண்டே இருக்கும்.